50 வயதுக்கு மேல் வேலை தேட எந்த ரெஸ்யூமே: கால வரிசையா, திறன்வாரியா, கலவையா?

ஐம்பதைத் தாண்டி வேலை தேடுகிறவர்களுக்கு அடிக்கடி சொல்லப்படும் யோசனை ஒன்று உண்டு: “தேதி கண்ணில் படாத மாதிரி, திறன்வாரியாக ரெஸ்யூமே எழுதுங்கள்.” கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. 1990களில் தொடங்கும் அனுபவப் பட்டியலைப் பார்த்ததும் மனசுக்குள் வயதைக் கணக்குப் போட்டுவிடுவார்கள் என்ற பயம் வீண் பயமல்ல. ஆனால் அதற்குத் திறன்வாரி வடிவம் மருந்தல்ல. நான் தேர்ந்தெடுத்ததும், கேட்பவர்களுக்குக் கைகாட்டுவதும், கடைசி 10 முதல் 15 ஆண்டுகளோடு நிறுத்திக்கொள்ளும் கால வரிசை ரெஸ்யூமேதான்.

மூன்றும் பலருக்குத் தெரிந்த வடிவங்களே. கால வரிசையில் கடைசியாகப் பார்த்த வேலை மேலே இருக்கும். அங்கிருந்து பின்னோக்கிப் போகும். திறன்வாரியில் “குழு மேலாண்மை”, “செலவுக் கட்டுப்பாடு” போன்ற தலைப்புகளின் கீழ் சாதனைகள் வரும். நிறுவனப் பெயர்கள் கடைசியில் நாலு வரியில், பெரும்பாலும் ஆண்டே இல்லாமல். கலவை என்றால் மேலே நாலைந்து சாதனைகள், கீழே வழக்கமான கால வரிசை.

எந்த வடிவமானாலும் இரண்டு பக்கம் போதும். கேட்டாலொழிய பிறந்த தேதியும் புகைப்படமும் வேண்டாம். தேதியையெல்லாம் கவனமாக நீக்கிவிட்டு, மின்னஞ்சல் முகவரியின் கடைசியில் 1968ஐ விட்டுவைக்கிறவர்களும் உண்டு. அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் தேதியில் இருக்கிறது

நிறுவனத்தின் இணையப் படிவம் வழியாகப் போகும் ரெஸ்யூமேயை முதலில் பிரிப்பது பெரும்பாலும் ஏடிஎஸ் (ATS) என்ற, விண்ணப்பங்களைத் தொகுத்து வடிகட்டும் மென்பொருள். நிறுவனம், பதவி, தொடங்கிய மாதம், முடிந்த மாதம், படிப்பு, திறன்கள் என்று தனித்தனிக் கட்டங்களில் அது விவரங்களைப் போட்டுக்கொள்ளும். ஒரு திறனில் எத்தனை ஆண்டு அனுபவம் என்பதைப் பல மென்பொருள்கள் கணக்கிடுவது, அந்தத் திறன் எந்த வேலையின் கீழ் எழுதப்பட்டிருக்கிறது, அந்த வேலை எவ்வளவு காலம் நீடித்தது என்பதை வைத்துத்தான். திறன்வாரி ரெஸ்யூமேயில் “கொள்முதல் பேரம்” என்ற வரி எந்த வேலையோடும் ஒட்டாமல் அந்தரத்தில் நிற்கும். கட்டம் காலியாகிவிடும். இருபது ஆண்டு அனுபவம் பூஜ்ஜியமாகக்கூடத் தெரியலாம். ரெக்ரூட்டர் “கொள்முதல், குறைந்தது 5 ஆண்டு” என்று வடிகட்டும்போது உங்கள் பெயர் பட்டியலில் வராது. மென்பொருள் உங்களை நிராகரித்தது என்றுகூடச் சொல்ல முடியாது. தேடலில் நீங்கள் அகப்படவில்லை, அவ்வளவுதான்.

சரி, மனிதர் கையிலேயே நேராகக் கிடைத்தால்? அவர் கண் முதலில் போவது கடைசிப் பதவி, நிறுவனம், அங்கே இருந்த காலம், இந்த மூன்றுக்கும்தான். அவை இருக்க வேண்டிய இடத்தில் இல்லையென்றால் மனசு தானாக மூன்று காரணங்களை யோசிக்கும்: நீண்ட இடைவெளி, அடிக்கடி வேலை மாற்றம், அல்லது வயது. எதை மறைக்கப் பார்த்தோமோ அதையே இந்த வடிவம் அறிவித்துவிடுகிறது.

இதோடும் முடியவில்லை. ரெஸ்யூமேயை ஏற்றிய பிறகு பல படிவங்கள் ஒவ்வொரு வேலைக்கும் தொடங்கிய மாதம், முடிந்த மாதம் என்று மறுபடியும் கேட்கும். கட்டாயக் கட்டம் என்றால் தப்ப முடியாது. கடைசியில் பின்னணிச் சரிபார்ப்பில் நிறுவனம், பதவி, தேதி மூன்றையும் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். ஆக, தேதியைக் காட்டலாமா மறைக்கலாமா என்று யோசிப்பதில் பயனில்லை; எதுவரை காட்டுவது என்பதை மட்டும்தான் நாம் முடிவு செய்ய முடியும்.

எங்கே வெட்டுவது

சரியாகப் பதினைந்தாவது ஆண்டில் கத்தி வைக்க வேண்டியதில்லை. ஒரு வேலை முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் வெட்டுங்கள். பதினேழு ஆண்டுக்கு முன் தொடங்கிய வேலை இப்போது விண்ணப்பிக்கும் பதவிக்குப் பொருந்துகிறது என்றால் அது இருக்கட்டும்.

கடைசி வேலைக்கு ஐந்தாறு வரி, அதற்கு முந்தியதற்கு மூன்று நான்கு, பத்து ஆண்டுக்கும் பழையதற்கு ஒன்றிரண்டு வரி. நடைமுறையில் பலர் தலைகீழாகச் செய்கிறார்கள். இளமையில் நடத்திய பெரிய திட்டம் பெருமைக்குரியது என்பதால் அதற்கு எட்டு வரி. நேற்றுவரை பார்த்த வேலைக்கு மூன்று வரி. ரெக்ரூட்டருக்கு வேண்டியது போன வருஷம் நீங்கள் என்ன செய்தீர்கள் என்பது. வரியில் எண்ணும் இருக்கட்டும். “கணக்கு முடிக்கும் பணியை மேம்படுத்தினேன்” என்று எழுதுவதைவிட, “மாத இறுதிக் கணக்கு முடிக்க 9 நாள் ஆனதை 4 நாளாகக் குறைத்தேன்” என்பது நிற்கும்.

வெட்டிய பகுதியை முழுதாக எறிய வேண்டாம். “முந்தைய அனுபவம்” என்று தனித் தலைப்பு கொடுத்து, பதவியும் நிறுவனமும் மட்டும் ஒரு வரியாக, தேதி இல்லாமல் எழுதுங்கள். தலைப்பு தனியாக இருப்பது முக்கியம். தேதியில்லாத வேலையை மற்ற வேலைகளோடு ஒரே பட்டியலில் சேர்த்தால், மேலே உள்ள வேலையின் தேதியை அதற்கும் ஒட்டிவிடும் மென்பொருள்கள் இருக்கின்றன.

பட்டம் வாங்கிய ஆண்டை எடுத்துவிடலாம். சமீபத்தில் முடித்த சான்றிதழ்ப் படிப்பு இருந்தால் அதன் ஆண்டைக் கட்டாயம் போடுங்கள். படிவம் பட்டம் பெற்ற ஆண்டைக் கேட்டால் உண்மையான ஆண்டுதான். சொல்லாமல் விடுவது வேறு, மாற்றிச் சொல்வது வேறு. இரண்டாவது பிடிபட்டால் கையில் வந்த வேலையும் போகும்.

முகப்புச் சுருக்கம் மூன்று நான்கு வரி. “30 ஆண்டு அனுபவம்” என்று தொடங்காதீர்கள். “15 ஆண்டுகளுக்கு மேல்” என்பதும் உண்மைதானே. விளம்பரத்தில் எட்டு ஆண்டுதான் கேட்டிருக்கிறார்கள் என்றால் எண்ணே வேண்டாம். இப்போது கையாளும் மென்பொருள்களைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுங்கள். “கணினி இயக்கத் தெரியும்” என்ற வரி வயதைப் பிறந்த தேதியைவிடச் சத்தமாகச் சொல்லும்.

தேதியை மாதத்தோடு எழுதுங்கள். “2019 – 2020” என்றால் இரண்டு மாதமாகவும் இருக்கலாம், இரண்டு வருஷமாகவும் இருக்கலாம்; சந்தேகத்தின் பலன் உங்களுக்குக் கிடைக்காது. இடைவெளி இருந்தால் அதையும் ஒரு பதிவாக, “பணி இடைவேளை: குடும்பப் பராமரிப்பு” என்று மாதங்களோடு ஒரே வரியில் போடுங்கள். லிங்க்ட்இன்னில் 2022 முதல் இதற்கென்றே ஓர் இடம் இருக்கிறது.

ஒரே நிறுவனத்தில் 25 ஆண்டு இருந்தவர்கள்

வெட்டுவது சிக்கலாவது இவர்களுக்குத்தான். வழக்கமாக நிறுவனப் பெயரை மேலே போட்டு, பக்கத்தில் “1996 – 2022” என்று எழுதி, பதவிகளைக் கீழே அடுக்குவார்கள். ஆரம்ப ஆண்டு முதல் வரியிலேயே வந்துவிடுகிறது. போதாக்குறைக்கு, சில மென்பொருள்கள் பட்டியலில் மேலே உள்ள பதவியை மட்டும் எடுத்துக்கொண்டு மொத்தக் காலத்தையும் அதன் கணக்கில் சேர்த்துவிடும்.

மாற்று வழி: ஒவ்வொரு பதவியையும் தனி வேலைபோல எழுதுங்கள். நிறுவனப் பெயரைத் திரும்பத் திரும்பப் போட்டு, அந்தந்தப் பதவியின் மாதங்களை மட்டும் கொடுங்கள். கடைசி இரண்டு மூன்று பதவிகளோடு தேதி நிற்கட்டும்; பழையவை “முந்தைய அனுபவம்” பகுதிக்குப் போகட்டும். சரிபார்ப்பில் நிறுவனம் “சேர்ந்தது 1996” என்று சொன்னாலும் முரண் வராது. நீங்கள் கொடுத்தது பதவிக் காலத்தை. ஆனால் நிறுவனத்தில் சேர்ந்த தேதியைப் படிவம் நேரடியாகக் கேட்டால் 1996 என்றே நிரப்புங்கள்.

இதெல்லாம் சரியாகச் செய்தும் கோப்பு சொதப்பினால் பயனில்லை. பக்கத்தை இடது, வலது என்று பிரிக்காமல் ஒரே நெடுவரிசையாக அமைத்து, டேபிளும் டெக்ஸ்ட் பாக்ஸும் தவிர்த்து, தொலைபேசி எண்ணை வேர்டின் ஹெடர் பகுதியில் வைக்காமல் உடல் பகுதியிலேயே எழுதுங்கள். பிடிஎஃப் ஆக்கியபின் எல்லாவற்றையும் காப்பி செய்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். பதவி, நிறுவனம், தேதி வரிசை கலையாமல் வந்தால் சரி. இடது பக்க வரியும் வலது பக்க வரியும் பின்னிக்கொண்டு வந்தால், மென்பொருளும் பெரும்பாலும் அப்படித்தான் படிக்கும். ஒன்றுமே ஒட்டவில்லையா? உங்கள் கோப்பு எழுத்தாக இல்லை, படமாக இருக்கிறது.

கலவையும் மற்றவையும்

துறை மாறுகிறவர்களுக்கு, உதாரணமாக உற்பத்தியிலிருந்து பயிற்சிப் பணிக்குப் போகிறவர்களுக்கு, கலவை வடிவம் நல்லது. புதுத் துறைக்குப் பொருந்தும் வேலைகள் பல இடங்களில் சிதறிக் கிடக்கும். அவற்றை மேலே ஒன்றாகத் திரட்டிக் காட்டலாம். ஒவ்வொரு சாதனை வரியின் முடிவிலும் அது எந்த நிறுவனத்தில் நடந்தது என்று எழுதினால் அந்தரத்தில் தொங்காது.

ஆனால் பராமரிப்பு அதிகம். மேல் பகுதியை ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் புதிதாக எழுத வேண்டும். அங்கே ஏற்றியதைக் கீழே சுருக்க வேண்டும். பத்து இடத்துக்கு அனுப்பினால் பத்துப் பதிப்பு. நேர்காணலில் அவர்கள் கையில் இருப்பது எது என்ற குழப்பம் வராமலிருக்க, நிறுவனப் பெயரும் தேதியும் சேர்த்துக் கோப்பைச் சேமியுங்கள். கால வரிசையில் சுருக்கத்தை மாற்றி, கடைசி வேலையின் வரிகளை முன்பின்னாக அடுக்கினால் அரை மணி நேரத்தில் முடியும்.

திறன்வாரிக்கும் ஓர் இடம் உண்டு: ஏற்கெனவே உங்களைத் தெரிந்தவர் “என்னென்ன செய்வீர்கள், ஒரு பக்கத்தில் அனுப்புங்கள்” என்று திட்டப்பணிக்காகக் கேட்கும்போது. பல்கலைக்கழகம், ஆய்வுப் பணி என்றால் முழு சிவி (எல்லா அனுபவமும் அடங்கிய விரிவான தன்விவரம்) எதிர்பார்ப்பார்கள், வெட்ட வேண்டாம். அரசு வேலைகளில் படிவம் அவர்களுடையது, கேட்ட தேதியெல்லாம் கொடுக்க வேண்டும். வடிவமைப்பு, ஒளிப்பதிவு போன்றவற்றில் ரெஸ்யூமேயைவிடச் செய்த வேலைகளின் தொகுப்பே பேசும். அங்கே என் 10–15 ஆண்டுக் கணக்கு எவ்வளவு தூரம் செல்லும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன்.

முன்பைவிடச் சிறிய பதவிக்குப் போகிறவர்கள் பதவிப் பெயரைக் குறைத்து எழுத ஆசைப்படுவார்கள். வேண்டாம், சரிபார்ப்பில் மாட்டும். பெயரை அப்படியே விட்டு, அதன் கீழே நீங்கள் கைப்படச் செய்த வேலைகளை முதலில் எழுதுங்கள். 40 பேரை நிர்வகித்தது கடைசியில் வரட்டும்.

ரெஸ்யூமேயைத் திருத்திய அன்றே லிங்க்ட்இன்னையும் அதே இடத்தில் வெட்டிவிடுங்கள். தாளில் 2010இல் தொடங்கும் அனுபவம் அங்கே 1991இல் தொடங்கினால், இத்தனை வேலையும் வீண்.