காட்பாடிக்காரருக்கு ஸ்கிப்லேக்டு உதவுமா?

காட்பாடியில் ஜோலார்பேட்டை வரைக்கும் டிக்கெட் எடுத்துக்கொண்டு ஆம்பூரிலேயே இறங்கிவிட்டால் ஒருவரும் ஒன்றும் கேட்கப்போவதில்லை. ரயிலில் தூரம் கூடினால் கட்டணமும் கூடும். கூடுதலாகக் கொடுத்தது நாம்தான், ரயில்வேக்கு என்ன நஷ்டம்? விமானத்தில் இந்தக் கணக்கு தலைகீழாகும் நாட்கள் உண்டு. சென்னையிலிருந்து ஃபிராங்க்ஃபர்ட்டுக்கு நேராகப் போகும் டிக்கெட் ஒரு விலை. அதே விமானத்தில் ஃபிராங்க்ஃபர்ட் போய், அங்கே மாறி மிலான் போகும் டிக்கெட் அதைவிடக் குறைந்த விலை. மிலான் டிக்கெட்டை வாங்கி, ஃபிராங்க்ஃபர்ட்டிலேயே வெளியே நடந்துவிடுவதற்கு 'ஸ்கிப்லேக்கிங்' என்று பெயர். அப்படிப்பட்ட டிக்கெட்டுகளைத் தேடிக் காட்டுவதற்கென்றே இருக்கிற தளம் ஸ்கிப்லேக்டு.

விலை ஏன் இப்படி? விமான நிறுவனம் கிலோமீட்டருக்கு விலை வைப்பதில்லை, இரண்டு ஊர் கொண்ட ஜோடிக்கு வைக்கிறது. சென்னை–ஃபிராங்க்ஃபர்ட் நேர் விமானம் வேண்டுமென்றால் ஜெர்மனியின் லுஃப்தான்சா நிறுவனத்திடம்தான் போகவேண்டும், அதனால் அவர்கள் சொல்வது விலை. சென்னை–மிலான் என்றால் துபாய் வழியாக ஒருவர், தோஹா வழியாக ஒருவர், அபுதாபி வழியாக ஒருவர் என்று போட்டி போடுகிறார்கள். அந்தச் சந்தையில் நிற்க லுஃப்தான்சாவும் இறங்கி வரவேண்டியிருக்கிறது. நடுவில் இருக்கும் ஊரில் நாம் இறங்கிக்கொள்வது அந்தப் போட்டியின் பலனைக் கள்ளவழியில் எடுத்துக்கொள்வதுதான்.

2013-ல் நியூயார்க்கில் அக்தரர் ஜமான் என்ற இளைஞர் தொடங்கிய தளம் ஸ்கிப்லேக்டு. 2014-ல் அமெரிக்க விமான நிறுவனமான யுனைடெட்டும் டிக்கெட் விற்கும் தளமான ஆர்பிட்ஸும் சேர்ந்து வழக்குப் போட்டன. ஆர்பிட்ஸ் சமரசமாகிவிட்டது. யுனைடெட்டின் வழக்கை, தனக்கு அதிகார வரம்பு இல்லை என்று சிகாகோ நீதிமன்றம் 2015-ல் தள்ளியது. அதைத் தளத்திலேயே விளம்பரமாக்கிக்கொண்டார்கள். அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 2023-ல் தொடுத்த வழக்கு அப்படி முடியவில்லை. 2024 அக்டோபரில் டெக்சாஸ் ஜூரி 94 லட்சம் டாலர் இழப்பீடு கொடுக்கச் சொன்னது, அதில் பாதி லோகோவை அனுமதியில்லாமல் பயன்படுத்தியதற்கு. தளம் மூடப்படவில்லை.

தேடல் எளிது. புறப்படும் ஊர், போகும் ஊர், தேதி, ஒருவழி. சாதாரண டிக்கெட்டுகளோடு கலந்து, 'ஹிடன் சிட்டி' என்ற அடையாளத்தோடு இந்த வகை டிக்கெட்டும் வரும். அதைத் தொட்டால் முதலில் எச்சரிக்கை வரும்: முதுகுப்பை மட்டும் கொண்டுபோங்கள், செக்-இன் லக்கேஜ் வேண்டாம், அடிக்கடி செய்யாதீர்கள். மறைக்காமல் சொல்கிறார்கள், அதற்கு முழு மார்க் கொடுக்கலாம். சில டிக்கெட்டுகளைத் தளத்திலேயே வாங்கலாம், சிலவற்றுக்கு வேறு தளத்துக்கு அனுப்பிவிடும். டாலரில் பணம் கட்டுவதானால் இரண்டு விஷயம்: கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை திறந்திருக்கவேண்டும் (2020 அக்டோபரிலிருந்து புது கார்டுகளில் இது மூடித்தான் வருகிறது). அடுத்து, வங்கி போடும் அந்நியச் செலாவணிக் கட்டணம். பல கார்டுகளில் 2 முதல் 3.5 சதவீதம், அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. மிச்சம் பிடித்த தொகையில் ஒரு பங்கு இங்கேயே கரையும்.

குறை எங்கே என்றால், இந்தத் தளம் அமெரிக்க பாஸ்போர்ட்டையும் ஒரு முதுகுப்பையையும் மனத்தில் வைத்துக் கட்டியது. நம் கையில் எந்த பாஸ்போர்ட், எந்த விசா என்று கேட்டு டிக்கெட்டை வடிகட்டித் தருவதில்லை. வேலூர் மாவட்டத்திலிருந்து கிளம்புகிறவர்களுக்கு முதல் முட்டுக்கட்டை அதுதான்.

சென்னை கவுண்டரில் உட்கார்ந்திருப்பவர் டிக்கெட்டில் கடைசியாக எழுதியிருக்கும் ஊருக்கு விசா இருக்கிறதா என்றுதான் பார்ப்பார். சென்னை–துபாய்–இஸ்தான்புல் டிக்கெட்டை வைத்துக்கொண்டு "நான் துபாயோடு நின்றுவிடுவேன்" என்று சொன்னால் வேலைக்காகாது. துருக்கி விசா இல்லையென்றால் போர்டிங் பாஸ் கிடையாது. ஃபிராங்க்ஃபர்ட்டில் இறங்க நினைத்து லண்டன் டிக்கெட் வாங்கினாலும் இதே கதி, பிரிட்டன் விசா கேட்பார்கள். பேரணாம்பட்டு, மேல்விஷாரம் பக்கத்திலிருந்து வளைகுடாவுக்கு வேலைக்குப் போகிறவர்களுக்கு இன்னும் சிக்கல். இ.சி.ஆர். ('குடிபெயர்வுச் சோதனை தேவை' என்ற வகை) பாஸ்போர்ட்டில் 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக அரசின் குடிபெயர்வு அனுமதி தேவை. வேலை விசா ஒரு நாட்டுக்கு, டிக்கெட் வேறொரு நாட்டுக்கு என்று இமிகிரேஷன் அதிகாரி முன் போய் நிற்பது தேவையில்லாத தலைவலி. விசிட் விசாவில் போகிறவர்களிடம் ரிட்டர்ன் டிக்கெட்டும் கேட்பார்கள். அந்த ரிட்டர்ன் இதே பி.என்.ஆரில் இருந்தால், பயணத்தின் ஒரு கட்டத்தை, அதாவது ஒரு விமானத்தை, தவறவிட்ட உடனே அதுவும் போச்சு.

ஆக, வெளிநாட்டுப் பயணத்தில் விசா இடிக்காத வழி, ஐரோப்பாவில் பல நாடுகளுக்கும் ஒரே விசா செல்லும் ஷெங்கன்தான். ஃபிராங்க்ஃபர்ட்டில் இறங்கவேண்டியவர் மிலான், வியன்னா டிக்கெட் வாங்கினால் ஒரே விசா இரண்டுக்கும் செல்லும். நுழைவுப் பதிவும் ஃபிராங்க்ஃபர்ட்டிலேயே முடியும். ஆம்பூர், ராணிப்பேட்டை தோல் வியாபாரிகளுக்கு இது பொருந்துவதுபோலத் தெரியும், லக்கேஜ் வரும் வரைக்கும். செக்-இன் செய்த பெட்டியின் பிடியில் ஒட்டும் டேக்கில் பெரிய எழுத்தில் மூன்றெழுத்து இருக்கும். மிலான் மால்பென்சா என்றால் எம்.எக்ஸ்.பி. பெட்டி அந்த மூன்றெழுத்துக்குத்தான் போகும், நீங்கள் எங்கே இறங்கினாலும். "ஃபிராங்க்ஃபர்ட் வரைக்கும் டேக் போடுங்க" என்று கேட்டால் பெரும்பாலும் மறுப்பார்கள், கேட்டதுமே சந்தேகமும் வந்துவிடும். ஷூ மாதிரிகளை கேபின் பையில் அடைத்துக்கொண்டு எந்த ஏற்றுமதியாளர் போகமுடியும்? மாதிரிகள் மிலானில் சுற்றிக்கொண்டிருக்க, ஃபிராங்க்ஃபர்ட்டில் வாங்குபவர் முன் வெறுங்கையோடு உட்காரவேண்டியதுதான்.

கேபின் பைதானே என்று நிம்மதியாக இருக்கவும் முடியாது. மேலே அடுக்கும் இடம் நிறைந்துவிட்டால் கடைசியாக ஏறுகிறவர்களின் பையை வாசலிலேயே வாங்கி டேக் போட்டு கீழே அனுப்பிவிடுவார்கள். அந்த டேக்கும் கடைசி ஊருக்குத்தான். இருக்கைக்கு அடியில் நுழையும் அளவுக்கு மென்மையான பை, முதல் அழைப்பிலேயே ஏறிவிடுவது, இரண்டும் கட்டாயம்.

விதிமுறையில் சில விஷயம் விட்டுக்கொடுக்க முடியாதவை. கடைசிக் கட்டத்தை மட்டும்தான் விடலாம். முதல் கட்டத்தையோ நடுக் கட்டத்தையோ விட்டால் 'நோ-ஷோ' ஆகி மீதி எல்லாம் தானாக ரத்தாகும். ரயிலில் காட்பாடிக்குப் போர்டிங் பாயிண்ட் மாற்றிக்கொள்கிறோமே, அந்த வசதி இங்கே கிடையாது. போகவர ஒரே டிக்கெட்டாக எடுக்கக்கூடாது, இரண்டு ஒருவழி டிக்கெட்டாக எடுக்கவேண்டும். மைலேஜ் கணக்கு எண்ணைப் போடக்கூடாது, பிடிபட்டால் சேர்த்த புள்ளிகளோடு கணக்கை மூடும் உரிமை நிறுவனத்துக்கு உண்டு.

எல்லாம் சரியாகச் செய்தாலும் உடைகிற இடம் ஒன்று இருக்கிறது. நிறுவனம் உங்களுக்கு விற்றது சென்னையிலிருந்து மிலான் வரையான பயணம். ஃபிராங்க்ஃபர்ட் விமானம் ரத்தானால் டெல்லி, மியூனிக் வழியாக மிலானில் கொண்டுபோய் விடுவார்கள், அவர்கள் கடமை அதோடு முடிந்தது. "எனக்கு ஃபிராங்க்ஃபர்ட்தான் வேண்டும்" என்று சண்டை போட ஒரு பிடியும் இல்லை. வட இந்தியாவில் பனிமூட்டம் கவியும் டிசம்பர், ஜனவரியில் டெல்லி வழி டிக்கெட்டில் இதை முயல்வது வீண் துணிச்சல்.

இது சட்டப்படி குற்றமல்ல, ஒப்பந்த மீறல். சியாட்டிலிலிருந்து ஃபிராங்க்ஃபர்ட் வழியாக ஆஸ்லோ திரும்பவேண்டிய ஒருவர் 2016-ல் கடைசிக் கட்டத்தை விட்டுவிட்டு வேறு டிக்கெட்டில் பெர்லின் போனார். லுஃப்தான்சா 2,000 யூரோவுக்கு மேல் கேட்டு வழக்குப் போட்டது. 2018 டிசம்பரில் பெர்லின் நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது. பயணி ஜெயித்த கதைதான், ஆனால் இரண்டாயிரம் யூரோவுக்கு வக்கீல் வைக்க யாருக்குப் பொழுது இருக்கிறது?

உள்நாட்டில் நிலைமை வேறு. விசா தொல்லை இல்லை, ஹைதராபாத்திலோ கொல்கத்தாவிலோ இறங்கி வெளியேறும் அம்புக்குறியைப் பிடித்துப் போனால் தடுப்பாரில்லை. ஆனால் டிக்கெட் 'விமானம் மாறி' போவதா, அதே விமானம் 'வழியாக' போவதா என்று பார்க்கவேண்டும். அதே விமானம் என்றால், தொடர்ந்து போகிறவர்களை இருக்கையிலேயே உட்காரச் சொல்லி, தலையை எண்ணி, மேலே இருக்கும் ஒவ்வொரு பையும் யாருடையது என்று பணிப்பெண்கள் கேட்டுச் சரிபார்ப்பார்கள். ஒரு தலை குறைந்தால் விமானம் நிற்கும், 180 பேர் காத்திருப்பார்கள். அதைச் செய்யவே கூடாது.

வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வந்துவிட்டு ஊர் திரும்பும் நோயாளிகளுக்கு இந்த வகை டிக்கெட்டை எந்த டிராவல்ஸ்காரராவது நீட்டினால் மறுத்துவிடுங்கள். கொல்கத்தா போகவேண்டியவருக்கு அகர்தலா டிக்கெட் போட்டால், சக்கர நாற்காலி உதவியாளர் கொல்கத்தாவில் அவரை நேராக அகர்தலா விமானத்தின் வாசலுக்குத்தான் தள்ளிக்கொண்டு போவார். அவர் கையில் இருக்கும் தாளில் அப்படித்தான் எழுதியிருக்கும். மருந்துப் பெட்டியும் எக்ஸ்ரே கட்டும் செக்-இன்னில் போயிருந்தால் அவையும் அகர்தலாவுக்கு. டிராவல்ஸ்காரருக்கும் இதில் வம்பு உண்டு: விலை வித்தியாசத்தை ஏஜென்சி மீதே டெபிட் மெமோவாக (பணம் கட்டச் சொல்லும் சீட்டாக) விமான நிறுவனங்கள் போடுவது வழக்கம். அது தெரிந்த ஏஜென்ட் இதை விற்கமாட்டார்.

ஸ்கிப்லேக்டு நிஜமாகப் பயன்படுவது வி.ஐ.டி. முடித்துவிட்டு அமெரிக்காவில் படிக்கும் பிள்ளைகளுக்கு, அதுவும் அங்கே உள்நாட்டுப் பயணத்துக்கு. அட்லாண்டா, சார்லட், டல்லாஸ் மாதிரி ஒரே நிறுவனம் கோலோச்சும் ஊர்களுக்கு நேர் டிக்கெட் விலை ஏறித்தான் இருக்கும், அங்கே இந்தத் தேடல் கைகொடுக்கும். அங்கும் கண்காணிப்பு இல்லாமல் இல்லை. 2023-ல் ஃபுளோரிடாவிலிருந்து சார்லட் வழியாக நியூயார்க் டிக்கெட்டில் கிளம்பிய ஒரு பதின்வயதுப் பையனை, அவன் காட்டிய அடையாள அட்டை சார்லட் இருக்கும் மாநிலத்துடையது என்பதைப் பார்த்தே பிடித்து, நேர் டிக்கெட் வாங்க வைத்தார்கள்.

காட்பாடிக்காரருக்கு இதைவிட நல்ல வழி தண்டவாளத்திலேயே இருக்கிறது. கிழக்கே 130 கிலோமீட்டரில் சென்னை சென்ட்ரல், அங்கிருந்து மெட்ரோ நீல வழித்தடத்தில் மாறாமலே விமான நிலையம். மேற்கே ஏறக்குறைய 230 கிலோமீட்டரில் பெங்களூரு. அங்கே தேவனஹள்ளி விமான நிலையத்துக்குப் போகிறவர்கள் சிட்டி ஸ்டேஷன் வரைக்கும் போகவேண்டாம், கே.ஆர்.புரத்தில் இறங்கி டாக்சி பிடிப்பது மிச்சம். வடக்கே சித்தூர், பாகாலா வழியாக நூறு கிலோமீட்டர் அளவில் திருப்பதி, பக்கத்தில் ரேணிகுண்டா விமான நிலையம். ஹைதராபாத் போக அது போதும்.

இரண்டு பெரிய விமான நிலையங்களை இணைக்கும் ஒரே ரயில் பாதையில் நாம் இருக்கிறோம். தேடும்போது 'போகவர' என்பதை விட்டு 'மல்டி-சிட்டி'யைத் தொடுங்கள். முதல் வரியில் சென்னையிலிருந்து போகும் ஊர், இரண்டாம் வரியில் அங்கிருந்து பெங்களூரு. பிறகு இரண்டையும் மாற்றிப் போட்டு ஒருமுறை. பிறகு வழக்கமான சென்னை–சென்னை, பெங்களூரு–பெங்களூரு. நான்கு விலையையும் ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றோடும் ரயில், டாக்சி செலவைக் கூட்டுங்கள். சென்னைவாசிக்குப் பெங்களூருவில் வந்து இறங்குவது தண்டச் செலவு, நமக்கு அப்படியில்லை. ஒப்பந்த மீறலும் இல்லை, பெட்டியும் கூடவே வரும், விமானம் ரத்தானால் உரிமையோடு கேட்கலாம். இரவு பதினொன்றுக்கு மேல் தேவனஹள்ளியில் இறங்கும் டிக்கெட்டை மட்டும் தவிர்த்துவிடுங்கள். அந்த நேரத்துக்கு ரயில் பிடிக்க முடியாமல் வேலூர் வரை டாக்சி வைத்தால் மிச்சம் பிடித்தது அதிலேயே போய்விடும்.

ஏற்கெனவே எந்தக் காரணத்தாலோ ஒரு கட்டத்தைத் தவறவிட்டவர்களுக்கு: பயன்படுத்தாத டிக்கெட்டிலும் அரசு வரிகளையும் பயணிகளிடம் வாங்கும் விமான நிலையக் கட்டணங்களையும் திருப்பித் தரவேண்டும் என்பது விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான டி.ஜி.சி.ஏ.வின் விதி. நிறுவனத்தின் தளத்தில் பி.என்.ஆர். போட்டுக் கேட்கலாம். வேண்டுமென்றே இறங்கிப் போனவர் அந்தச் சில நூறு ரூபாய்க்காகக் கையைத் தூக்கி "நான்தான்" என்று சொல்வாரா என்பது அவரவர் தைரியம்.