அடிமாட்டு விலையும் அப்வொர்க் ஒப்பந்தமும்: கட்டட ரெண்டரிங் செய்பவரின் பார்வையில் ஒரு மதிப்பாய்வு

கட்டட ரெண்டரிங், அதாவது வரைபடத்தில் இருக்கும் கட்டடத்தைக் கணினியில் முப்பரிமாணமாக உருவாக்கி நிழற்படம் போன்ற படமாகத் தரும் வேலையைத் தனியாளாக எடுத்துச் செய்பவர்களில் பலர், வேலை தருபவரையும் செய்பவரையும் இணைக்கும் அப்வொர்க் என்ற இணையதளத்தின் வழியாகவே வெளிநாட்டு வாடிக்கையாளர்களை முதன்முதலில் சந்திக்கிறார்கள். முழு வேலைக்கும் ஒரு தொகையை முன்கூட்டியே பேசி முடிக்கும், அந்தத் தளத்தின் நிலையான தொகை ஒப்பந்தச் சேவையைத் தொடர்ந்து பயன்படுத்திவருபவன் என்ற முறையில், ஒரே ஒரு கேள்வியை முன்வைத்து அதை இங்கே மதிப்பிடுகிறேன்: அடிமாட்டு விலைக்குக் கேட்கும் வாடிக்கையாளரிடம் நியாயமான கூலியைப் பெற இந்தச் சேவை துணை செய்கிறதா? விலை பேசி முடித்தபின் பணத்தைக் காப்பதில் இது உறுதியாக நிற்கிறது. விலை பேசும் கட்டத்திலோ இதன் அமைப்பே நம்மைக் கீழே இழுக்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவில், வேலையைக் கட்டம் கட்டமாகப் பிரித்து எழுதும் மைல்ஸ்டோன் வசதி இருக்கிறது. அதைச் சரியாகக் கையாளத் தெரிந்தவருக்கு மட்டுமே இந்தத் தளம் பயன்படும் என்பது என் முடிவு.

முதலில் தளம் எடுத்துக்கொள்ளும் பங்கு. ஈலான்ஸ், ஓடெஸ்க் என்ற இரண்டு நிறுவனங்கள் இணைந்து, 2015 இல் அப்வொர்க் என்ற பெயரைப் பெற்றன. 2016 முதல் ஒரே வாடிக்கையாளரிடம் பெறும் முதல் 500 டாலருக்கு 20 சதவீதம், பிறகு 10, அதன்பின் 5 என்று படிப்படியாகக் குறைந்த கட்டணம், 2023 இல் அனைவருக்கும் 10 சதவீதம் என்று மாறியது. 2025 முதல் புதிய ஒப்பந்தங்களுக்கு 0 முதல் 15 சதவீதம் வரை, வேலைக்கு வேலை மாறுபடும் முறை வந்திருக்கிறது. விலை சொல்லும்போது இந்தக் கணக்கில்தான் பலர் சறுக்குகிறார்கள். 10 சதவீதம் போய்விடும் என்பதற்காகத் தம் கூலியோடு 10 சதவீதத்தைக் கூட்டினால் கைக்கு வரும் தொகை குறைந்துதான் இருக்கும், கூலியை 0.9 ஆல் வகுக்க வேண்டும், அதாவது ஏறத்தாழ 11.1 சதவீதம் கூட்ட வேண்டும். 15 சதவீதப் பிடித்தம் என்றால் கூட்ட வேண்டியது 17.6 சதவீதம். இவற்றோடு, ஒவ்வொரு வேலைக்கும் விண்ணப்பிக்கச் செலவாகும் கனெக்ட் என்ற வில்லைகளுக்கும் பணம் கொடுக்க வேண்டியிருப்பதால், கிடைக்காமல் போன வேலைகளின் செலவையும் கிடைத்த வேலைகளே சுமக்கின்றன என்பதை விலையில் சேர்த்துப் பார்ப்பது அவசியம்.

விலை ஏன் கீழே போகிறது என்பதற்குக் காரணம் எளிது. வேலையின் அளவையும் பட்ஜெட்டையும் வாடிக்கையாளரே முதலில் எழுதுகிறார். எழுதுபவருக்கோ பெரும்பாலும் ஒரு படத்துக்குப் பின்னால் என்ன உழைப்பு இருக்கிறது என்பது தெரிவதில்லை. "சின்ன வேலைதான், வரைபடம் எல்லாம் தயாராக இருக்கிறது, இது பிடித்தால் தொடர்ந்து நிறைய வேலை தருவோம்" என்று தொடங்கும் விளம்பரத்தின் கீழே குவியும் விண்ணப்பங்கள், ஒன்றைவிட ஒன்று குறைவாகவே விலை சொல்கின்றன. இந்த இடத்தில் தளம் நமக்குத் தரும் உண்மையான உதவி, வாடிக்கையாளரைப் பற்றிய பொது விவரங்கள்தான். அவர் பணம் செலுத்தும் முறை சரிபார்க்கப்பட்டதா, இதுவரை எவ்வளவு செலவிட்டிருக்கிறார், போட்ட விளம்பரங்களில் எத்தனை சதவீதத்துக்கு ஆள் எடுத்தார், மணிக்குச் சராசரியாக எவ்வளவு கொடுத்திருக்கிறார், வேலை செய்தவர்கள் அவரைப் பற்றி என்ன எழுதியிருக்கிறார்கள் என்பன எல்லாம் விண்ணப்பிக்கும் முன்பே கண்ணில் படுகின்றன. பட்ஜெட் எண்ணைவிட இந்த விவரங்களையே நான் நம்புகிறேன். குறைந்த பட்ஜெட் போட்டிருந்தாலும் முன்பு நல்ல கூலி கொடுத்த வரலாறு உள்ளவர் பேச்சுவார்த்தைக்கு இடம் தருவார். வரலாறு முழுவதும் குறைந்த கூலியாகவே இருப்பவரிடம் வாதாடி நேரத்தைச் செலவிடுவதில் பயனில்லை. இலவச மாதிரி கேட்பதைத் தளத்தின் விதிகளே தடைசெய்கின்றன என்பதால், அப்படிக் கேட்பவரிடம் விதியைச் சுட்டிக்காட்டிக் கட்டணத்துடன் கூடிய ஒரு சிறிய முதல் கட்டத்தை முன்மொழியலாம். அதற்கு ஒப்பாதவர் பிறகு முழு வேலைக்கும் ஒப்பமாட்டார்.

பேச்சுவார்த்தைக்கு இடம் தருபவரிடம் எப்படிப் பேசுவது என்பதுதான் இந்த மதிப்பாய்வின் மையம். ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். ஓர் அடுக்குமாடி வீட்டின் வரவேற்பறைக்கு ஆறு கோணங்களில் படம் வேண்டும், ஆனால் நாம் சொன்ன தொகையில் பாதிதான் தர முடியும் என்கிறார் வாடிக்கையாளர். அறையை மாடல் செய்ய, அதாவது முப்பரிமாண வடிவமாகக் கட்ட 12 மணி நேரம், மெட்டீரியலுக்கும் (பரப்புகளின் நிறமும் தன்மையும்) லைட்டிங்குக்கும் (ஒளியமைப்பு) 6 மணி நேரம், ஒவ்வொரு கோணத்துக்கும் கேமரா அமைப்பு, பிற்செயலாக்கம் எல்லாம் சேர்த்து 3 மணி நேரம், பேச்சுக்கும் திருத்தத்துக்கும் 4 மணி நேரம் என்று வைத்துக்கொண்டால் ஆறு கோணங்களுக்கு மொத்தம் 40 மணி நேரம் ஆகிறது. கோணங்களை மூன்றாகக் குறைத்தால் மிச்சமாவது 9 மணி நேரம் மட்டுமே; வேலை 31 மணி நேரத்துக்கு வருகிறது. படங்கள் பாதியானாலும் உழைப்பு கால்பங்குகூடக் குறையவில்லை. இந்தக் கணக்கு வாடிக்கையாளருக்குத் தெரியாது. படத்துக்கு இவ்வளவு என்று மட்டும் விலை சொல்லும் நம்மவர்களே அவரை அப்படி நினைக்கப் பழக்கிவிட்டோம். மாடலை அவரே தருவதாக இருந்தால், 12 மணி நேரம் சரிபார்ப்புக்கான 3 மணி நேரமாகச் சுருங்குகிறது. மூன்று கோணமும் அவர் தரும் மாடலுமாகச் சேர்ந்தால் மொத்தம் 22 மணி நேரம், அதாவது முதல் அளவில் 55 சதவீதம். பாதித் தொகை என்று வந்தவரிடம் கொண்டுபோய் வைக்க வேண்டிய பதில் இதுதான்: என் மணிக்கூலி மாறாது, உங்கள் தொகைக்கு அருகில் வரும் வேலையின் அளவு இது. மறுப்பாக இல்லாமல் தேர்வாக முன்வைக்கப்படும் இந்தப் பதிலுக்கு, உண்மையிலேயே பணம் குறைவாக உள்ளவர்கள் நன்றியோடு சம்மதிக்கிறார்கள். எல்லாமும் வேண்டும், விலை மட்டும் பாதி வேண்டும் என்பவர்கள் தாமாகவே விலகிவிடுகிறார்கள்.

மாடலை அவரே தருவது என்பதில் ஓர் எச்சரிக்கை உண்டு. வாடிக்கையாளர் தரும் ஸ்கெட்ச்அப் (முப்பரிமாண மாடல் செய்யும் மென்பொருள்) கோப்பைத் திறந்து பார்த்தால், பரப்புகள் உள்புறம் வெளியே தெரியும்படி திரும்பிக் கிடக்கும். ஒரே சுவர் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு முறை வரையப்பட்டு ரெண்டரில் கறுப்புத் திட்டுகளாகத் தெரியும். எங்கிருந்தோ இறக்கிய ஒரு சோபா மட்டும் முழு அறையைவிட அதிகப் பாலிகன்களை (மாடலை உருவாக்கும் சிறு தளத்துண்டுகள்) சுமந்து நிற்கும். இப்படிப்பட்ட கோப்பைச் சீர்செய்வதைவிட டி.டபிள்யூ.ஜி. என்ற கணினிக் கோப்பு வடிவில் உள்ள கட்டட வரைபடத்திலிருந்து புதிதாகக் கட்டுவது விரைவாக முடியும் நேரங்கள் பல. ஆகவே கோப்பைப் பார்க்கும் முன் விலை சொல்லக்கூடாது. விண்ணப்பத்தில் ஒரு தோராயத் தொகையை எழுதினாலும், கோப்பைப் பார்த்தபின் உறுதி செய்யப்படும் என்ற வரியும் கூடவே இருக்க வேண்டும்.

இனி மைல்ஸ்டோன். ஒவ்வொரு கட்டத்துக்கும் உரிய பணத்தை வாடிக்கையாளர் முன்கூட்டியே எஸ்க்ரோ கணக்கில், அதாவது வேலை முடியும்வரை பணத்தைப் பிடித்துவைக்கும் பொதுக் கணக்கில் செலுத்துகிறார். வேலையை ஒப்படைத்தபின் அவருக்கு 14 நாட்கள் பார்வைக்கு உண்டு. அதற்குள் அவர் எதுவும் சொல்லாவிட்டால் பணம் தானாகவே விடுவிக்கப்படுகிறது. ஆனால் அந்த 14 நாள் கணக்கு, தளத்தில் அதற்கென உள்ள ஒப்படைப்புப் பொத்தானை அழுத்தினால்தான் தொடங்கும். படத்தை அரட்டைப் பெட்டியில் மட்டும் அனுப்பிவிட்டுக் காத்திருந்தால் பணமும் காத்துக்கொண்டே இருக்கும். அடுத்த கட்டத்துக்கான பணம் எஸ்க்ரோவில் வந்து சேரும்வரை அந்தக் கட்டத்தைத் தொடாமல் இருப்பது நாம் கடைப்பிடிக்க வேண்டிய ஒழுங்கு.

ரெண்டரிங் வேலைக்கு மூன்று கட்டங்கள் பொருந்துகின்றன என்பது என் கருத்து. மாடலும், வண்ணமற்ற க்ளே ரெண்டரில் கேமரா கோணங்களுக்கான ஒப்புதலும் முதல் கட்டம். மெட்டீரியலும் லைட்டிங்கும் தெரியும் சிறிய அளவிலான, வாட்டர்மார்க் இட்ட முன்வரைவு இரண்டாவது. முழு அளவு இறுதிப் படம் மூன்றாவது. உழைப்பின் பெரும்பகுதி முதல் கட்டத்திலேயே செலவாவதால் தொகையின் பெரும்பகுதியும் அங்கேயே இருக்க வேண்டும். மூன்றாகச் சமமாகப் பிரிப்பது நமக்கு நாமே செய்துகொள்ளும் அநீதி. சோபாவின் நிறத்தை மாற்றுவது திருத்தம், சன்னலை வேறு சுவருக்குக் கொண்டுபோவது புதிய வேலை என்பதை முதல் கட்டத்தின் விளக்கத்திலேயே எழுதிவிட்டால், பின்னால் வரும் தகராறுகளில் பெரும்பாலானவை எழவே எழா. எத்தனை சுற்றுத் திருத்தம் விலையில் அடங்கும் என்பதையும், இறுதிப் படத்தின் பிக்சல் அளவையும் அதே இடத்தில் குறிப்பிட வேண்டும். 4கே படம் 3840க்கு 2160 பிக்சல், ஏறத்தாழ 83 லட்சம் பிக்சல். ஏ3 தாளில் 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளிகள்) அச்சுக்கு வேண்டியது 4961க்கு 3508, அதாவது 1 கோடியே 74 லட்சம். "அச்சுக்குப் போகிறது, கொஞ்சம் பெரிதாகத் தாருங்கள்" என்று கடைசி நாளில் வரும் ஒற்றை வரி, ரெண்டர் நேரத்தை ஏறத்தாழ இரண்டு மடங்காக்கிவிடும்.

அதே தளத்தின் மணிக்கூலி ஒப்பந்தம் இந்த வேலைக்கு ஒத்துவரவில்லை. பத்து நிமிடத்துக்கு ஒரு முறை திரையைப் படமெடுத்து, விசைப்பலகை, மவுஸ் அசைவுகளை வைத்து நேரத்தை உறுதிசெய்யும் முறை அது. கணினி இரவு முழுவதும் ரெண்டர் செய்துகொண்டிருக்கும் நேரத்துக்கு அதில் இடமில்லை. அசைவூட்டப் படங்களில் இந்த இழப்பு பெரிதாகிறது. நொடிக்கு 30 பிரேம் என்றால் ஒரு நிமிடக் காட்சிக்கு 1800 பிரேம்கள். ஒரு பிரேமுக்கு ஐந்து நிமிடம் பிடித்தால் ஒரே கணினியில் 150 மணி நேரம். மின்சாரமும், தேய்மானமும், அந்தக் கணினியில் வேறு வேலை செய்ய முடியாத நாட்களும் யார் கணக்கில் என்பதைத் தெளிவாக்க நிலையான தொகை ஒப்பந்தத்தில் மட்டுமே வழியிருக்கிறது. இயந்திர நேரத்தைத் தனி வரியாக எழுதி விலையிட வேண்டும். பல கணினிகளை வைத்து ரெண்டர் செய்து தரும் வெளி ரெண்டர் பார்மில் கொடுப்பதாக இருந்தால் அந்தச் செலவும் அப்படியே அந்த வரியில் வர வேண்டும்.

அண்மைக் காலமாக, "இதைச் செயற்கை நுண்ணறிவே சில நொடிகளில் தந்துவிடுகிறதே" என்று சொல்லி விலையைக் குறைப்பவர்கள் பெருகியிருக்கிறார்கள். அந்த வாதத்தைக் கோபப்படாமல் எதிர்கொள்ள வேண்டும். மனநிலையைக் காட்டும் ஒரு தொடக்கப் படம் மட்டும் போதுமென்றால் அந்தக் கருவிகளே அவருக்குப் போதும், அதை ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிடலாம். ஆனால் வரைபடத்தில் உள்ள அதே சன்னல்கள், அதே அளவுகள், ஆறு கோணங்களிலும் மாறாத அதே மேசை வேண்டுமென்றால், அளவெடுத்துக் கட்டிய மாடல்தான் அந்த உறுதியைத் தரும். வாடிக்கையாளர் விலை கொடுப்பது அந்த உறுதிக்கு என்பதை விண்ணப்பத்தின் முதல் பத்தியிலேயே எழுதுவது நல்லது.

ஒப்பிட்டுப் பார்க்க ஃபைவர் தளத்தையும் சொல்ல வேண்டும். 2010 இல் ஐந்து டாலர் வேலைகளோடு தொடங்கிய அந்தத் தளம் இன்றும் விற்பவரிடம் 20 சதவீதம் எடுத்துக்கொள்கிறது. ஆனால் அங்கே வேலையின் அளவையும், திருத்தங்களின் எண்ணிக்கையையும், விலையையும் முதலில் எழுதுபவர் விற்பவர்தான். மூன்று தொகுப்புகளாக முன்கூட்டியே விலை அறிவித்துவிடுவதால் பேரம் ஓரளவு குறைகிறது. ஒரே மாதிரியான ஓர் அறை, ஒரு கோணம் போன்ற வேலைகளுக்கு அதுவே மேல். திட்டத்துக்குத் திட்டம் மாறும் வெளிப்புறக் காட்சிகளுக்கும் பெரிய தொகுதிகளுக்கும் அப்வொர்க்கின் கட்டப் பிரிப்பு மேல்.

தகராறு என்று வந்தால், அப்வொர்க் முதலில் சமரசம் பேசுகிறது. அதில் முடியாவிட்டால், கட்டணம் செலுத்தி நடுவர் தீர்ப்புக்குப் போக வேண்டும். சிறிய தொகைக்கு அது கட்டுப்படியாகாது என்பதால், கட்டங்களைச் சிறிதாக வைத்து ஒரே நேரத்தில் பெரிய தொகை தொங்கலில் நிற்காமல் பார்த்துக்கொள்வதே நடைமுறையில் காப்பாற்றுகிறது. வாடிக்கையாளரும் நாமும் வேறு விதமாக எழுதிக்கொள்ளாத வரை, முழுப் பணம் கிடைத்த பிறகே படத்தின் உரிமை கைமாறும் என்பது தளத்தின் இயல்பான ஒப்பந்த விதிகளில் இருப்பது எனக்குப் பிடித்த அம்சம். பிடிக்காத அம்சம், இங்கே அறிமுகமான வாடிக்கையாளரோடு இரண்டு ஆண்டுகளுக்குத் தளத்துக்கு வெளியே பணப் பரிமாற்றம் செய்யக்கூடாது என்ற விதியும், அதிலிருந்து விடுபடத் தனிக் கட்டணம் செலுத்த வேண்டும் என்பதும். "அடுத்த முறை வெளியே வைத்துக்கொள்ளலாம், கமிஷன் மிச்சம், அதைக் குறைத்துக்கொண்டு சொல்லுங்கள்" என்று கேட்பவர், விலையைக் குறைப்பதோடு எஸ்க்ரோவின் காப்பையும் நம்மிடமிருந்து பறிக்கிறார்; கணக்கையே இழக்கும் ஆபத்தும் நம் தலையில்தான் விழும். அப்படிக் கேட்டவர்களுக்கு எல்லாம், தளத்திலேயே அடுத்த மைல்ஸ்டோனைத் திறந்து வையுங்கள், விலை முன்பு சொன்னதுதான் என்றே பதில் எழுதுகிறேன்.