எல்டன் ரிங் தியரிகளோடு சில வருடங்கள்

எல்டன் ரிங் என்ற வீடியோ கேமை 2022 பிப்ரவரியில் வந்தது முதல் விளையாடி வருகிறேன். சண்டை கை பழகிவிட்டது. இன்னும் என்னை இழுப்பது அதன் கதைதான். அதன் இயக்குநர் மியாசாகியின் குழு எதையும் நேராகச் சொல்லாது. வாள், மோதிரம், மந்திரம் என எதை எடுத்தாலும் விளக்கத்தில் இரண்டு வரி இருக்கும், மீதியை நாம்தான் கோக்க வேண்டும். ரசிகர் தியரிகள் பிறப்பது அங்கேதான்.

எனக்கு மிகவும் பிடித்தது மோக் என்ற எதிரியைப் பற்றியது. பார்த்த மாத்திரத்தில் அவன் மிக்கெல்லா என்ற தேவகுலத்தவனைக் கடத்தி வந்த கொடூரன். ஆனால் எதிரிகளை நம் பக்கம் இழுக்க உதவும் ஒரு மந்திரக் கிளையின் விளக்கத்தில், பிறர் அன்பைக் கட்டாயமாகப் பெற மிக்கெல்லா நன்றாகவே கற்றிருந்தான் என்று வருகிறது. அந்த ஒரு வரியைப் பிடித்து, மயக்கப்பட்டவனே மோக்தான் என்று சிலர் வாதிட்டார்கள். 2024 ஜூனில் ஷேடோ ஆஃப் தி எர்ட்ட்ரீ என்ற கூடுதல் பகுதி (டிஎல்சி) வந்தபோது, மோக்கிடம் சேவகம் செய்த ஆன்ஸ்பாக்கே அதை உறுதிசெய்தார். அந்த டிஎல்சிக்குள் நுழையவே மோக்கைக் கொன்றிருக்க வேண்டும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். அப்புறம் புதிதாகத் தொடங்கி அவனை எதிர்கொண்டபோது கோபம் வரவில்லை, பாவமாகத்தான் இருந்தது. ஒரு நல்ல தியரி இதைச் செய்ய வேண்டும்.

ஆன்மா கொல்லப்பட்ட காட்வின் திரும்பி வருவான் என்ற தியரி பலிக்கவில்லை. காசில் சோல் என்ற கோட்டையில் ஒரு ஆவி, சூரியன் விழுங்கப்படவில்லை என்று மிக்கெல்லாவிடம் மன்னிப்புக் கேட்கிறது. அந்தக் கிரகணம் காட்வினை மீட்பதற்குத்தான் என்று ரசிகர்கள் எடுத்துக்கொண்டார்கள். ஆக, ஆதாரம் இல்லாத பேச்சு அல்ல. ஆனால் டிஎல்சியின் கடைசியில் மீண்டு வந்து நின்றது ரடான் என்ற வேறொரு வீரன். அந்தக் கிரகண வேண்டுதலுக்குச் சரியான முடிவு கிடைக்காதது எனக்கு இன்னும் ஆறவில்லை.

நமக்கு வழித்துணையாக வரும் மெலினாதான், முன்பு மலிகெத் என்பவனிடம் தோற்ற அந்திக்கண் அரசி என்பது இன்றும் தீராத வழக்கு. விளையாட்டின் பல முடிவுகளில் ஒன்றான வெறித்தீ முடிவில் அவள் மூடியிருந்த கண்ணைத் திறந்து, விதிக்கப்பட்ட மரணத்தைத் தருவேன் என்கிறாள். அந்த மரண சக்தி அந்திக்கண் அரசியிடம் இருந்தது. எனக்கு இது வலுவாகவே படுகிறது. ஆனால் தன் தாய் எர்ட்ட்ரீ என்ற பொன்மரத்துக்குள் இருப்பதாக மெலினா சொல்கிறாள். அந்த மரத்துக்குள் இருப்பது மரிகா என்ற தெய்வம், அந்திக்கண் அரசியையோ மரிகாவின் மகள் என்று விளையாட்டு எங்கும் சொல்லவில்லை. இந்த முடிச்சை அவிழ்க்காத எந்த விளக்கத்தையும் நான் முழுதாக ஏற்பதில்லை.

புதிதாக விளையாடுபவர்கள் ஒருமுறை முடிக்கும்வரை தியரி பக்கம் போகாதீர்கள். அதன்பின் படிக்கும்போது, பொருளின் பெயரையும் அது கிடைக்கும் இடத்தையும் சொல்லும் தியரிகளை முதலில் எடுங்கள். நீங்களே போய்ச் சரிபார்க்கலாம்.