மதுரையில் பிலிம் கேமரா ரிப்பேர்: 'போர்டு போச்சு' என்றால் உடனே நம்பாதீர்கள்

விடுமுறைக்கு வெளிநாட்டிலிருந்து மதுரை வந்ததும், அலமாரியில் பல வருஷம் கிடந்த பிலிம் எஸ்எல்ஆரைத் தூக்கிக்கொண்டு டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் போகிறவர்களுக்காக இது. இறுகிப்போன ஷட்டர், லென்ஸில் பூஞ்சை, ஒளி கசியும் ஸ்பான்ஞ் போன்றவற்றுக்கு இங்கே நல்ல கைகள் இருக்கின்றன. கேனான் ஈஓஎஸ், நிக்கான் எஃப்80, எஃப்100 என்று லென்ஸும் பாடியும் கான்டாக்ட் (லென்ஸ் பூட்டும் வாயில் இருக்கும் சின்னச் சின்ன உலோகப் புள்ளிகள்) வழியாகப் பேசிக்கொள்ளும் கேமரா என்றால்தான் "போர்டு போச்சுண்ணே, பார்ட்ஸ் வராது" என்ற பதில் சீக்கிரம் வந்துவிடுகிறது. பல சமயம் உள்ளே இருக்கும் அந்த சர்க்யூட் போர்டுக்கு ஒன்றும் ஆகியிருக்காது.

1987-இல் வந்த கேனான் இஎஃப் மவுண்டில் (லென்ஸைப் பூட்டும் அமைப்பு) பாடிக்கும் லென்ஸுக்கும் நடுவே கம்பியோ நெம்புகோலோ கிடையாது. அப்பர்ச்சரை, அதாவது ஒளி நுழையும் துளையை, மூடும் மோட்டாரும் ஃபோகஸ் மோட்டாரும் லென்ஸுக்குள்ளேயே இருக்கின்றன. கான்டாக்ட் அழுக்கானால் அப்பர்ச்சர் எண்ணுக்குப் பதில் 00 காட்டும். புது பேட்டரி போட்டும் பேட்டரி அடையாளமான 'பிசி' கண் சிமிட்டும். முதலில் லென்ஸை அதன் மிகப் பெரிய திறப்பில் வைத்து ஒரு ஷாட் அடியுங்கள். பிறகு துளையைச் சிறிதாக்கி எஃப்/8-இல் ஒன்று. முதலாவது ஓடி இரண்டாவதில் 'பிசி' வந்தால் பாடியை விட்டுவிடுங்கள், லென்ஸுக்குள் அப்பர்ச்சருக்குப் போகும் ஃபிளெக்ஸ் பட்டை (வளையும் மெல்லிய மின்பட்டை) கிழிந்திருக்க வாய்ப்பு அதிகம். ஜூம் லென்ஸில் அந்தப் பட்டை மடங்கி மடங்கித்தான் போகும், அதனால் ஜூமின் இரண்டு முனையிலும் சோதிக்க வேண்டும். லென்ஸ் மாடலைச் சொல்லி ஆன்லைனில் பட்டையை வாங்கி மெக்கானிக்கிடம் கொடுத்தால் போட்டுத் தருவார். அதுவரை திறந்த அப்பர்ச்சரிலேயே படம் எடுக்கலாம்.

அழுக்கான கான்டாக்டைத் துடைக்க 99 சதவீத ஐசோபுரோபைல் ஆல்கஹால் போதும். மொபைல் சர்வீஸ் சாமான் விற்கும் கடையில் கேளுங்கள். பேட்டரியைக் கழற்றி, பாடியின் வாயைக் கீழ்நோக்கிப் பிடித்து, நூல் உதிராத துணியை ஈரமாக்கி மட்டும் துடையுங்கள். நேரே சொட்டுவிட்டால் பின்னுக்குப் பின்னால் இறங்கிவிடும். கேனான் பாடியில் இருப்பவை ஸ்பிரிங் பின்கள். பல் குச்சியால் மெதுவாக அமுக்கினால் ஒவ்வொன்றும் திரும்ப எழ வேண்டும். உப்புத்தாளைக் கிட்டே வரவிடாதீர்கள், தங்கப்பூச்சு போனால் போனதுதான். ரப்பர் போட்டுத் தேய்த்தால் அதன் தூள் கண்ணாடி அறைக்குள் விழும். சானிடைசரில் தண்ணீரும் கிளிசரினும் இருக்கும், அதுவும் வேண்டாம்.

நிக்கானில் அப்பர்ச்சரை அசைப்பது நெம்புகோல், ஆகவே கோளாறும் வேறு மாதிரி. எஃப்80-இல் 'எஃப் - -' வந்தால் லென்ஸின் சிப்பைக் கேமரா படிக்கவில்லை: கான்டாக்ட் அழுக்கு, அல்லது சிப்பே இல்லாத பழைய லென்ஸ். 'எஃப்இஇ' சிமிட்டினால் லென்ஸின் அப்பர்ச்சர் வளையத்தைக் கடைசி எண்ணில் (மிகச் சிறிய துளை) வைத்துப் பூட்டுங்கள், தீர்ந்தது. இதற்குப் போய்க் காசு கொடுப்பது அநியாயம்.

மச்சினன் டிஜிட்டல் கேமரா லென்ஸைக் கடன் வாங்குவது அடுத்த வம்பு. வெள்ளைச் சதுரம் போட்ட கேனான் இஎஃப்-எஸ் லென்ஸ் பிலிம் பாடியில் ஏறாது, திணிக்காதீர்கள். சிவப்புப் புள்ளி போட்ட இஎஃப் ஏறும்; 50 மிமீ எஃப்/1.8 எஸ்டிஎம்கூட வேலை செய்யும். நிக்கானில் வளையம் இல்லாத 'ஜி' லென்ஸ் எஃப்80, எஃப்100-க்குச் சரி, எஃப்எம்2-இல் போட்டால் அப்பர்ச்சர் கடைசி எண்ணிலேயே நின்றுவிடும். 'இ' வகை எந்த நிக்கான் பிலிம் பாடியிலும் மூடாது. ஏஎஃப்-பி-யில் ஃபோகஸே ஆகாது. இதில் ஒரு வேடிக்கை, புது டிஜிட்டல் ஈஓஎஸ்ஸில் எரர் காட்டும், கேனான் மவுண்டுக்காக சிக்மா கம்பெனி செய்த பழைய லென்ஸ்கள் பல, அந்தக் காலத்து பிலிம் பாடியில் ஒழுங்காக ஓடும். மலிவாகக் கிடைத்தால் பாடியைக் கையோடு கொண்டுபோய்ப் போட்டுப் பார்த்து வாங்குங்கள்.

2சிஆர்5, சிஆர்123ஏ, சிஆர்2 பேட்டரிகளை வெளிநாட்டிலிருந்தே கொண்டு வருவது நல்லது, கைப்பையில்தான். வெகுநாள் கடையில் கிடந்தது மீட்டரில் முழு வோல்ட் காட்டும், மோட்டார் இழுத்ததும் படுத்துவிடும்.

சர்வீஸுக்குப் பாடியை மட்டும் கொடுக்காமல் லென்ஸையும் சேர்த்துக் கொடுங்கள். திரும்ப வாங்கும்போது பிலிம் போடாமல் பின் கதவைத் திறந்து, எஃப்/16, 1 நொடி வைத்து அமுக்குங்கள். லென்ஸுக்குள் துளி ஓட்டை தெரிந்தால் பணத்தைக் கொடுக்கலாம்.