வீல் ஹார்ஸ் சி-120க்கு ஹோண்டா ஜிஎக்ஸ்390 எஞ்சின் சரிவருமா?

1970களின் வீல் ஹார்ஸ் சி-120 தோட்ட டிராக்டரில் கியர்பாக்ஸ் இன்றும் கெடாமல் உழைக்கும். முதலில் தேய்வது கோலர் கே301 எஞ்சின். அதற்கு மாற்றாக அமெரிக்காவில் பலரும் பார்ப்பது செல்ஃப் ஸ்டார்ட் உள்ள ஹோண்டா ஜிஎக்ஸ்390. அருமையான எஞ்சின். ஆனால் போல்ட்டைக் கழற்றி மாட்டிவிடும் வேலை இல்லை இது.

முதலில் பழைய எஞ்சினின் போரை, அதாவது சிலிண்டரின் உள்விட்டத்தை, அளந்து பாருங்கள். கே301 வார்ப்பிரும்பு பிளாக், 0.030 அங்குலம் வரை ஓவர்சைஸ் பிஸ்டன் போடலாம். அதற்குள் அடங்கினால் சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்கும் ரீபோர் செய்வதுதான் புத்திசாலித்தனம். கனெக்டிங் ராடு முறிந்து பிளாக்கை உடைத்திருந்தால் ஹோண்டாவுக்குப் போங்கள்.

கோலர் 476 சிசி, 12 எச்.பி. ஹோண்டா 389 சிசி, 3600 ஆர்.பி.எம்மில் 11.7 எச்.பி. எண்கள் நெருங்கினாலும் இழுவை வேறு. கோலரின் கனத்த பிளைவீல் சுமை விழும்போது வேகத்தைத் தாங்கிப் பிடிக்கும். ஹோண்டாவின் உச்ச டார்க் (சுழற்றும் விசை) 26.5 நியூட்டன் மீட்டர், அதுவும் 2500 ஆர்.பி.எம்மில். புல் வெட்டக் கவலையில்லை. கலப்பை பூட்டினால் கியரைக் குறைத்து த்ராட்டிலை முழுதாக வைத்தே ஓட்ட வேண்டும். ஹோண்டாவில் பேலன்சர் ஷாஃப்ட் இருப்பதால் அதிர்வு குறைவு, அது நிஜமான லாபம்.

ஷாஃப்டில்தான் முதல் சிக்கல். கோலர் ஷாஃப்டின் விட்டம் 1-1/8 அங்குலம். ஹோண்டாவுக்கு 1 அங்குலம். இடையில் ஸ்லீவ் என்ற குழாய் உறை போடுவார்கள். ஸ்லீவின் சுவர் 1/16 அங்குலம் என்பதால் ஷாஃப்டையும் புல்லியையும் பூட்டும் சாதாரண 1/4 அங்குலச் சதுரக் கீ புல்லியைப் பாதிதான் பிடிக்கும், சீக்கிரமே மழுங்கும். 1/4 அகலம், 5/16 உயரமுள்ள கீயைப் போடுங்கள். டிரைவ் புல்லியும், பிளேடு போன்ற கருவிகளுக்குச் சக்தி கொடுக்கும் பிடிஓ கிளட்சும் ஒரே ஷாஃப்டில் உட்கார வேண்டும். எஞ்சின் வாங்குமுன் இரண்டின் மொத்த நீளத்தையும் அளந்துகொள்ளுங்கள். போல்ட் துளைகளும் ஒத்துவராது, கனமான இரும்புத் தகட்டில் அடாப்டர் செய்ய வேண்டும். தகடு எஞ்சினைத் தூக்கும், பெல்ட் நீளம் மாறும். நேர்கோல் வைத்து இரண்டு புல்லிகளையும் ஒரே தளத்துக்குக் கொண்டுவராவிட்டால் பெல்ட்டின் ஓரம் தேயும்.

பலர் காசை இழக்கும் இடம் வயரிங். கோலர் பேட்டரி இக்னிஷன்: சாவியைத் திருப்பினால் காயிலுக்கு 12 வோல்ட் போகும். ஹோண்டா மேக்னெட்டோ வகை: பேட்டரி இல்லாமலே ஸ்பார்க் வரும். எஞ்சினை நிறுத்த, காயிலிலிருந்து வரும் கறுப்பு வயரை எர்த் செய்ய வேண்டும். பழைய சாவி வயரை அதில் கொடுத்தால் 12 வோல்ட் ஏறி காயில் கருகும். மேக்னெட்டோ வகைச் சாவி சுவிட்ச் வாங்குங்கள். இருக்கை, கிளட்ச் பாதுகாப்பு சுவிட்சுகளில் எஞ்சினை நிறுத்துபவையும் தலைகீழாக மாறும்: முன்பு இக்னிஷன் சர்க்யூட்டைத் துண்டித்தவை இனி எர்த் செய்ய வேண்டும். சோம்பல்பட்டு அவற்றை நீக்கிவிடாதீர்கள். கீழே பிளேடு சுற்றுகிறது.

சார்ஜிங் காயிலையும் கேட்டு வாங்குங்கள். 1 அல்லது 3 ஆம்பியர் காயில் பேட்டரிக்குப் போதும். ஹெட்லைட்டை எரியவிட்டு ஓட்டுபவர்கள் 10 ஆம்பியர் வாங்கலாம்.

ஹோண்டாவின் மேல் டேங்கைக் கழற்றினால்தான் பானெட் மூடும். வண்டியின் டேங்க் கார்புரேட்டருக்குக் கீழே இருந்தால் குறைந்த அழுத்தப் பம்ப் தேவை. அழுத்தம் கூடினால் கார்புரேட்டரில் பெட்ரோலை அடைக்கும் ஃப்ளோட் நீடிலைத் தள்ளி பெட்ரோல் வழியும். ஆயில் 1.1 லிட்டர், முதல் மாற்றம் 20 மணி நேரத்தில், பிறகு 100க்கு ஒருமுறை.

பெல்ட் டிரைவ் உள்ள வீல் ஹார்ஸுக்கு, லேத் வசதியும் பொறுமையும் இருந்தால், தாராளமாகப் பரிந்துரைக்கலாம். பழைய கப் கேடட் டிராக்டர் வைத்திருப்பவர்கள் ஒதுங்குங்கள். அதில் டிரைவ் ஷாஃப்ட் பிளைவீல் பக்கத்திலிருந்து கிளம்புகிறது. ஹோண்டாவைத் திருப்பி வைத்து நேராகக் கோத்தால் சுழற்சி எதிர்த்திசைக்குப் போய், மூன்று முன் கியரும் ரிவர்ஸாகிவிடும்.