டேங்கில் ராடு இல்லை: ஜிபிஎஸ் மாட்டப்போகும் லாரி ஓனர்கள் கவனத்துக்கு

சங்ககிரியில் நான்கு லாரி வைத்து ஓட்டுகிறேன். அப்பா காலத்திலிருந்து இதுதான் தொழில். ஜிபிஎஸ், டீசல் சென்சார் என்று 92,000 ரூபாய் கொடுத்து ஏமாந்தேன். பணம் போனது ஒரு பக்கம். எங்களிடம் 11 வருடம் வண்டி ஓட்டியவரை, அந்த மெஷின் காட்டியதை நம்பித் திருடன் என்று சொல்லிவிட்டேன். அது இன்னும் மனதை அறுக்கிறது. நாமக்கல், திருச்செங்கோடு பக்கமெல்லாம் இதே மாதிரி ஆட்கள் ஒவ்வொரு லாரி ஷெட்டாக ஏறி இறங்குவதாகக் கேள்விப்பட்டேன். அதனால் நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

இரண்டு பேர் வந்தார்கள். கையில் டேப்லெட். ஒரு லாரி ஓசூர் ரோட்டில் போவதை நேரலையில் காட்டினார்கள். எங்கே நின்றது, எவ்வளவு நேரம் நின்றது, டேங்கில் எத்தனை லிட்டர் இருக்கிறது, எல்லாம் தெரிந்தது. "ஒரு ட்ரிப்புக்கு 30, 40 லிட்டர் டீசல் மிச்சமாகும் சார், ஆறு மாதத்தில் போட்ட காசு வந்துவிடும்" என்றார்கள். அப்புறம் ஒரு பயமும் காட்டினார்கள்: "ஏஐஎஸ் 140 சட்டம் வந்துவிட்டது, இது இல்லாவிட்டால் எஃப்சி (வண்டித் தகுதிச் சான்று) கிடையாது." அந்தச் சட்டத்தை நான் அப்புறம்தான் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். ஏஐஎஸ் 140 என்பது வண்டியில் மாட்டும் ஜிபிஎஸ் மெஷினுக்கான தர அளவுகோல். அதைக் கேட்கும் மத்திய மோட்டார் வாகன விதி 125எச், பஸ், டாக்சி போன்ற பயணிகள் வாகனங்களுக்காக 2016-ல் கொண்டுவந்தது. சரக்கு வண்டிக்கு எது கட்டாயம் என்பது ஏற்றும் சரக்கையும் ஓடும் மாநிலத்தையும் பொறுத்து மாறும். ஆர்டிஓ ஆபீஸில் கேட்டால் ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடுவார்கள். நான் கேட்கவில்லை.

ஒரு வண்டிக்கு ஜிபிஎஸ்ஸும் மூன்று வருட சர்வீஸும் 8,500, டேங்கில் எத்தனை லிட்டர் இருக்கிறது என்று அளக்கும் டீசல் ராடு 14,500. நான்கு வண்டிக்கு 92,000. அதில் 42,000 ரூபாய்க்கு மட்டும் ஒரு கைப்பில் கொடுத்தார்கள். அதிலும் ஜிஎஸ்டி நம்பர் இல்லை. மீதி 50,000 ரூபாயை வந்தவர்களில் ஒருவரின் சொந்த நம்பருக்கு ஜிபேயில் அனுப்பச் சொன்னார்கள், அனுப்பினேன்.

அடுத்த நாள் இரண்டு பையன்கள் வந்து, ஒரே மதியத்தில் நான்கு வண்டிக்கும் மாட்டி முடித்தார்கள். எவ்வளவு வேகமான வேலை என்று அன்றைக்குச் சந்தோஷப்பட்டேன். அங்கேதான் நான் சுதாரித்திருக்க வேண்டும். நிஜமான டீசல் ராடு என்பது டேங்கின் மேல் துளை போட்டு, உள்ளே அடிவரை இறக்குவது. மாட்டிய பிறகு டேங்கைக் காலி செய்து, 20 லிட்டர் ஊற்று, ராடு என்ன காட்டுகிறது என்று குறி, மறுபடி 20 லிட்டர் ஊற்று, குறி என்று நிறைகிறவரை செய்ய வேண்டும். 350 லிட்டர் டேங்குக்குப் பதினேழு, பதினெட்டு முறை. ஒரு வண்டிக்கே அரை நாள் போய்விடும். அந்தக் கணக்கு ஏற்றாத ராடு காட்டும் லிட்டரை நம்பவே முடியாது. எங்கள் வண்டிகளில் ஒரு சொட்டு டீசலைக்கூட யாரும் இறக்கவும் இல்லை, ஏற்றவும் இல்லை.

மூன்றாவது மாதம். நாக்பூர் லோடு. நடுராத்திரி 2.10-க்கு என் போனில் சிவப்பு எச்சரிக்கை: கர்நூல் பக்கம் வண்டி நிற்கிறது, 42 லிட்டர் டீசல் இறங்கியிருக்கிறது. எனக்குத் தூக்கமே போய்விட்டது. வண்டி திரும்பி வந்ததும் டிரைவர் அண்ணனை உட்கார வைத்துப் போனைக் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் பார்த்தார். "தம்பி, தாபா ஓரமா சாய்ச்சு நிறுத்திப் படுத்திருந்தேன். டேங்க் மூடியை நான் தொடவே இல்லைங்க" என்றார். போனில் வரும் கிராஃப் பொய் சொல்லுமா என்று கேட்டேன். கிளீனர் பையன் முன்னாலேயே கேட்டேன். அன்றைய விலையில் ஏறத்தாழ 3,900 ரூபாயை அவர் கணக்கில் பிடித்தேன். அவர் சண்டை போடவில்லை. மறுநாள் வண்டியைக் கழுவி நிறுத்தி, சாவியை மேஜைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

இரண்டு மாதம் கழித்து எங்கள் ஷெட்டிலேயே ஒரு வண்டியின் முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி ஹப் வேலை நடந்துகொண்டிருந்தது. பத்தடி தள்ளி உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருக்கிறேன். போனில் அதே சிவப்பு எச்சரிக்கை: அந்த வண்டியில் 36 லிட்டர் திருட்டு! என் கண்ணெதிரே நிற்கிற வண்டி. மூடி பூட்டியிருக்கிறது. கீழே ஒரு சொட்டு ஈரம் இல்லை.

அன்றைக்கே பட்டறை எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டு நான்கு வண்டியையும் பிரித்துப் பார்த்தோம். மூன்று வண்டியில் ராடே இல்லை. டேஷ்போர்டு டீசல் முள்ளுக்குப் போகும் மிதவை ஒயரை நடுவில் சுரண்டி, அதிலிருந்து ஒரு ஒயரை இழுத்து டேப் சுற்றிவிட்டிருந்தார்கள். நான்காவதில் ராடு இருந்தது, கணக்கு ஏற்றவில்லை. மிதவை என்பது டேங்கில் எவ்வளவு டீசல் இருக்கிறது என்று முள்ளில் தோராயமாகக் காட்ட வைத்தது. வண்டி சாய்ந்தால் டீசல் ஒரு பக்கம் ஒதுங்கும், மிதவை இறங்கும், ஆப் அதைத் திருட்டு என்று சொல்லும்.

ஆப்பில் பழைய கர்நூல் ராத்திரிப் பதிவைத் திறந்து பார்த்தேன். அந்தச் சிவப்பு வரிக்கு நேர் கீழே இன்னொரு வரி இருந்தது: காலை 5.40, 39 லிட்டர் நிரப்பப்பட்டது. அந்த நேரத்துக்குப் பங்க் பில் எதுவும் கிடையாது. சாய்த்து நிறுத்திய வண்டி சமமான ரோட்டுக்கு வந்திருக்கிறது, அவ்வளவுதான். நான் முதல் வரியோடு நிறுத்திவிட்டேன். பிறகு பில்லெல்லாம் எடுத்து, ஃபுல் டேங்குக்கு ஃபுல் டேங்க் கணக்குப் போட்டேன். அந்த ட்ரிப் 2,640 கிலோமீட்டர், 652 லிட்டர். மைலேஜ் 4.05, அந்த வண்டிக்கு எப்போதும் வருவதுதான். 42 லிட்டர் திருடியிருந்தால் மீதி 610 லிட்டரில் அத்தனை தூரமும் ஓடியிருக்க வேண்டும், அதாவது 4.33. லோடு ஏற்றிய எங்கள் வண்டி ஒருநாளும் அப்படிக் கொடுத்ததில்லை. ஒரு பேனாவும் பில் கட்டும் இருந்தால் போதும், கால்மணி நேரக் கணக்கு இது.

எலக்ட்ரீசியன் இன்னொன்றையும் காட்டினார். வண்டி திருடு போனால் போனிலிருந்தே என்ஜினை நிறுத்தலாம் என்று ரிலே என்ற ஒரு சுவிட்ச் மாட்டியிருந்தார்கள். அதன் பிளாஸ்டிக் கருகி, ஒயர் ஆடிக்கொண்டிருந்தது. அது விட்டுப்போனால் ஓடுகிற வண்டியில் என்ஜின் நின்றுவிடும். பவர் ஸ்டீயரிங் கல்லாகிவிடும், ஏர் கம்ப்ரஸர் நின்றுவிடும், இருக்கிற காற்று தீர்கிறவரைதான் பிரேக். தர்மபுரியிலிருந்து சேலம் இறங்கும்போது தொப்பூர் கணவாயில் இது நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அந்த வழியில் ஓட்டுகிற யாருக்கும் விளக்கத் தேவையில்லை. ரிலே நான்கையும் அன்றைக்கே வெட்டி எறிந்தேன். உங்கள் வண்டியில் இருந்தால் இன்றே ஆள் வைத்துப் பாருங்கள். பாஸ்வேர்டையும் பாருங்கள். எங்களுடையது நான்கும் 123456. 2022 ஜூலையில் அமெரிக்க அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பு, பல நாடுகளில் ஓடும் ஒரு சீன ஜிபிஎஸ் மாடலைப் பற்றி எச்சரித்தது. வெளியாள் தூரத்திலிருந்தே வண்டியின் எரிபொருளை நிறுத்த முடியும் என்ற அந்த விவகாரத்திலும், கம்பெனி போட்டுக் கொடுத்த பாஸ்வேர்டு இதே 123456தான்.

கம்பெனிக்குப் போன் செய்தால் "டெக்னீஷியன் வருவார் சார்" என்பார்கள். வரவில்லை. சரி, வண்டி எங்கே போகிறது என்றாவது தெரியட்டும் என்று விட்டுவைத்தேன். பதினான்காவது மாதம் அதுவும் போனது. பெங்களூரிலிருந்து கோயம்புத்தூர் லோடு. ராத்திரி முழுக்க வண்டி கிருஷ்ணகிரியிலேயே நிற்பதாக ஆப் காட்டியது, அதுவும் எல்லாம் சரி என்பதுபோலப் பச்சைப் புள்ளியாக. டிரைவர் போன் ஸ்விட்ச் ஆஃப். விபத்தோ என்று பதறி மூன்று மணிக்குக் காரை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். தொப்பூர் தாண்டும்போது தம்பி கூப்பிட்டான். ஃபாஸ்டேக் மெசேஜ் வருகிற போன் ஆபீஸில் சார்ஜில் கிடந்திருக்கிறது. எடுத்துப் பார்த்தால் ஓமலூர், வைகுந்தம், விஜயமங்கலம் என்று ஒவ்வொரு டோல்கேட்டாக மெசேஜ் வந்திருக்கிறது. வண்டி எங்கள் ஊரையே தாண்டிப் போய்விட்டது. நான் எதிர்த்திசையில் போய்க்கொண்டிருக்கிறேன்.

மெஷினைத் திறந்தபோது காரணம் தெரிந்தது. உள்ளே சாதாரண 10 இலக்க ப்ரீபெய்டு சிம், ரீசார்ஜ் தீர்ந்துவிட்டது. மூன்று வருடப் பணம் வாங்கியவர்கள் ஒரு வருடச் சொச்சத்துக்குத்தான் போட்டிருக்கிறார்கள். இப்படிப்பட்ட மெஷின்களுக்கென்றே 13 இலக்க எண் கொண்ட எம்2எம் சிம் 2018-லிருந்து இருக்கிறது. ஏஐஎஸ் 140 மெஷின் என்றால் கழற்ற முடியாத இ-சிம் பதித்திருக்கும், வண்டி பேட்டரியைக் கழற்றினாலும் நான்கு மணி நேரம் தாங்கும் சொந்த பேட்டரி இருக்கும். எங்களுடையதில் இரண்டும் இல்லை. சிம் அவர்கள் பெயரில் இருந்ததால் நானாக ரீசார்ஜ் செய்யவும் வழியில்லை. வேறு கம்பெனிக்கு மாறலாம் என்றால், மெஷின் அவர்கள் சர்வருக்கே பேசும்படி பூட்டியிருந்தது. 14 மாத ட்ரிப் விவரமும் அவர்களிடமே போய்விட்டது. சேலத்தில் அவர்கள் சொன்ன விலாசத்துக்குப் போனேன். ஷட்டர் மூடியிருந்தது.

நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகலாம் என்று வக்கீலைப் பார்த்தேன். 5 லட்சம் வரையான வழக்குக்குக் கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும் என்றார். ஆனால் 2019 சட்டப்படி வியாபாரத்துக்காக வாங்கியவரை நுகர்வோராக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். சுயதொழிலாகத் தன் பிழைப்புக்கு மட்டும் வாங்கியவருக்கு விலக்கு உண்டு. ஒரே வண்டி வைத்துத் தானே ஓட்டுகிறவர் அதில் வருவார், நான்கு வண்டிக்கு டிரைவர் போட்டவரை எதிர்த்தரப்பு விடாது என்றார். அதனால் போலீஸில் புகார் கொடுத்திருக்கிறேன். ஜிபே ரசீதும் அந்தக் கைப்பில்லும்தான் கையில் இருக்கும் சாட்சி. ஒற்றை வண்டிக்காரர்கள் தயங்காமல் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் பேசுங்கள்.

ஜிபிஎஸ்ஸே வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரு வண்டிக்கு மட்டும் புதிதாக மாட்டியிருக்கிறேன். இந்த முறை ஜிஎஸ்டி தளத்தில் நம்பரைப் போட்டுப் பார்த்து, கம்பெனிக் கணக்குக்கு மட்டும் பணம் அனுப்பி, சிம் என் பெயரில் வாங்கி, சர்வரை மாற்றும் உரிமையை எழுதி வாங்கிய பிறகுதான் மாட்ட விட்டேன். டேங்குக்கு 20 லிட்டராக ஊற்றும்போது பக்கத்திலேயே நின்றேன். தினமும் ஃபாஸ்டேக் மெசேஜையும் ஆப்பையும் ஒத்துப் பார்க்கிறேன்.

டிரைவர் அண்ணன் இப்போது நாமக்கல்லில் வேறொருவரிடம் ஓட்டுகிறார். ஷெட்டில் உண்மை தெரிந்த அந்த வாரமே அவர் வீட்டுக்குப் போனேன். பிடித்த பணத்தைக் கொடுத்தேன், தப்பு என் மேல்தான் என்று அவர் மனைவி, மகன் முன்னாலேயே சொன்னேன். பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டார். டீ கொடுக்கச் சொன்னார். மறுபடி வண்டிக்கு வாங்கண்ணா என்று கூப்பிட்டேன். "பார்க்கலாம் தம்பி" என்றார். இன்னும் வரவில்லை.