நீச்சல் குளப் பராமரிப்புக்கு ஆண்டுப் பணத்தை மொத்தமாகக் கட்டிவிடாதீர்கள்: 92,500 ரூபாய் போன கதை

92,500 ரூபாய். தொகையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நேற்றிரவு முழுவதும் அதைத்தான் முணுமுணுத்துக்கொண்டு படுத்திருந்தேன். ஆண்டுப் பராமரிப்புக்கு 78,000, ஃபில்டர் மணல் மாற்ற 14,500, ஆக 92,500. இதை எழுதும்போது பின்கட்டில் என் குளம் கொத்தமல்லித் துவையலைக் கரைத்து ஊற்றியது போலக் கிடக்கிறது. தீபாவளிக்கு வர வேண்டிய சிங்கப்பூர்க் குடும்பம் குளத்தின் படம் கேட்டது. பொய் சொல்ல மனம் வரவில்லை. உள்ளபடியே எடுத்து அனுப்பினேன். அறைகளை ரத்து செய்துவிட்டார்கள்.

காரைக்குடிக்குப் பக்கத்து ஊரில் எங்கள் மாமனார் காலத்து வீடு. முகப்பிலிருந்து பின்வாசல் வரை ஒரு தெருவில் தொடங்கி மறு தெருவில் முடியும். பிள்ளைகள் எல்லாம் வெளியூர். வீட்டைப் பூட்டிவைத்தால் கறையானும் வௌவாலும் எடுத்துக்கொள்ளும் என்று நான்கு அறைகளைச் செப்பனிட்டு விருந்தினர்களுக்கு விடுகிறேன். வண்டிக்கொட்டகை இருந்த இடத்தில் என் மகன் ஒரு நீச்சல் குளம் கட்டினான். ஊருணிக்கரையில் வளர்ந்தவளுக்கு நீச்சல் குளமா என்று உறவெல்லாம் சிரித்தது. சிறிய குளம்தான். 24 அடிக்கு 12 அடி, சராசரி ஆழம் நாலரை அடி, ஏறக்குறைய 36,700 லிட்டர்.

கட்டுவது பெரிதல்ல, வைத்துக் காப்பதுதான் பாடு. பனி பெய்யும் நாடுகளில் குளிர்காலம் வந்தால் குளத்தைப் போர்த்தி மூடிவிடுவார்களாம். நமக்கு அந்த வசதி இல்லை. சித்திரை வெயில் குளோரினைத் தின்றுவிடும். தண்ணீரும் நாள்தோறும் ஆவியாகி இறங்கும். ஐப்பசி மழை இருக்கிற மருந்தை நீர்க்கச் செய்து, இலையும் மண்ணும் கொண்டுவந்து சேர்க்கும். மார்கழியில் ஒருவரும் இறங்கமாட்டார்கள், ஆனால் மோட்டாரை நிறுத்த முடியாது. பாசிக்கும் கொசுவுக்கும் மார்கழி விடுமுறை கிடையாது. ஆகவே பன்னிரண்டு மாதமும் ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளைத் தேடித்தான் வீட்டு வேலைகளுக்கு ஆள் பிடித்துத் தரும் ஒரு செயலிக்குள் போனேன். பெயரைச் சொல்லப்போவதில்லை. ஐந்து நட்சத்திரம், பச்சை நிற 'சரிபார்க்கப்பட்டவர்' முத்திரை, சிரித்த முகம். எல்லாம் இருந்தது.

வந்தவனுக்கு முப்பது வயது இருக்கும். இதை எழுதும்போதுதான் எனக்கு உடம்பு எரிகிறது. முகப்பில் ஏறுமுன் ஷூவைக் கழற்றினான். காலுறையையும் கழற்றினான். ஈரக்காலைத் துடைத்துக்கொண்டு ஆத்தங்குடிக் கல்லில் கால் வைத்தான். "இந்தக் கல்லில் செருப்போடு நடந்தால் பாவம் ஆச்சி" என்றான். எத்தனையோ பொறியாளர்கள், அதிகாரிகள், திருமணத்துக்கு வந்த பெரிய மனிதர்கள்கூடச் செருப்புக் காலோடு நடந்த தரை அது. நான் அங்கேயே விழுந்துவிட்டேன். நீர்மோர் கொடுத்தேன். தூணைத் தடவி, "பர்மா தேக்கா ஆச்சி?" என்று கேட்டான். கானாடுகாத்தான் பக்கம் மூன்று குளங்கள் தான்தான் பார்ப்பதாகச் சொன்னான். எந்த வீடு, யாருடையது என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். கேட்கவில்லை.

பிறகு ஒரு சின்னப் பெட்டியைத் திறந்தான். இரண்டு கண்ணாடிக் குழாய்களில் குளத்துநீரை மொண்டு, சொட்டு மருந்து விட்டான். ஒன்று மஞ்சள், மற்றது சிவப்பு. வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்து, "பிஎச் 7.4 ஆச்சி, குழந்தையைக் குளிப்பாட்டலாம்" என்றான். பிஎச் என்றால் தண்ணீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் எண். மருத்துவர் நாடி பார்ப்பது போல இருந்தது.

மாதம் 8,000, வாரம் ஒரு முறை வருவான், மருந்துச் செலவு அவனுடையது. "வருடத்துக்கு 96,000 ஆகிறது, மொத்தமாகக் கொடுத்தால் 78,000 போதும். செயலி வழியாக வேண்டாம் ஆச்சி, அவர்கள் எடுக்கும் கமிஷனைத்தான் உங்களுக்குக் குறைக்கிறேன்." கைப்பேசியில் அவன் சொந்தக் கணக்குக்கு அனுப்பினேன். ரசீது இல்லை. மலாயாவில் கடை வைத்திருந்த என் மாமனார் ஐந்தொகை பார்க்காமல் படுக்கப்போக மாட்டார். ஓரணா உதைத்தால் விளக்கை அணைக்க விடமாட்டார். அந்த வீட்டு மருமகள் ஒரு துண்டுக் காகிதம்கூட வாங்காமல் 78,000 ரூபாயைக் கொடுத்தேன்.

முதல் மாதம் தவறாமல் வந்தான். தண்ணீர் நீலமாக மின்னியது. விருந்தினர்கள் படம் எடுத்துப் போட்டார்கள். பிரான்சிலிருந்து வந்திருந்த ஒரு பெண்ணின் பொன்னிற முடி மூன்றே நாளில் லேசாகப் பச்சை தட்டியது. "எங்கள் ஊர் வெயில் அப்படி" என்று நான் அசட்டுத்தனமாகச் சமாளித்தேன். வெயில் அல்ல, மயில்துத்தம் என்ற செம்பு உப்பு. பாசியைக் கொல்லவும், கண்ணுக்கு நீலம் காட்டவும் கைநிறைய அள்ளிப் போட்டிருக்கிறான். செம்பு அதிகமானால் வெளிர்முடி பச்சையாகும், படிகளில் கறை படியும். என் படிகளில் இப்போது கரும்பச்சைத் திட்டுகள். தேய்த்தால் போகவில்லை.

வைகாசி பிறந்ததும் வருகை குறைந்தது. குளோரின் மாத்திரை டப்பாவைக் கொடுத்து, "வாரம் நான்கு மாத்திரையை மிதவையில் போடச் சொல்லுங்கள்" என்று வீட்டு வேலைக்கு உதவும் பையனிடம் வேலையைத் தள்ளிவிட்டான். ஆனியில் வந்து ஃபில்டர் மணல் செத்துவிட்டது, மாற்ற 14,500 என்றான். கொடுத்தேன். மூன்று மூட்டை வந்தது. அடுத்த நாளே குளத்தின் அடியில் மெல்லிய தூசிப் படலம். ஃபில்டரில் இருக்கும் அழுத்தமானியின் முள் சிவப்புப் பக்கம் போய் நின்றது. படம் எடுத்து அனுப்பினேன். "அது பழைய மீட்டர் ஆச்சி, அதை நம்பாதீர்கள்."

ஆடிக்குப் பிறகு ஆளே இல்லை. பதில்கள் மட்டும் வந்தன. "ஆள் கிளம்பிவிட்டான்." "வண்டி பஞ்சர்." "உங்கள் போர்த்தண்ணீர் உப்பு ஆச்சி, நான் என்ன செய்யட்டும்?" "மழை வந்தால் எல்லாக் குளமும் பச்சையாகத்தான் ஆகும்." ஒரு முறையும் எதிர்த்துப் பேசியதில்லை. எடுத்தவுடன் "ஆச்சி, சாப்பிட்டீர்களா?" என்பான். நானும் சாப்பிட்டேன் என்று பதில் சொல்லியிருக்கிறேன், நான்கு முறை!

புரட்டாசி மழையில் தண்ணீர் முழுப் பச்சை ஆனதும் தொலைபேசியிலேயே வைத்தியம் சொன்னான்: பிளீச்சிங் பவுடரையும் மிச்சமிருக்கும் மாத்திரைகளையும் ஒரே வாளியில் கரைத்து ஊற்ற வேண்டுமாம். பையன் வாளியை எடுத்துவிட்டான். நல்ல வேளையாக, காரைக்குடி மின்வேதியியல் ஆய்வு நிறுவனமான சிக்ரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற என் தம்பி முறைக்காரர் அன்று வந்திருந்தார். கத்திய கத்தலில் பையன் வாளியைக் கீழே போட்டான். இரண்டும் குளோரின் மருந்துதான், ஆனால் ஒன்றாக ஈரத்தில் கலந்தால் நச்சுவாயு கிளம்பும், வெடிக்கவும் கூடும் என்றார். பணம் போனது ஒரு பக்கம். ஊரார் பெற்ற பிள்ளை அந்த வாளிக்கு மேல் குனிந்து நின்றிருப்பானே என்று நினைத்தால் இப்போதும் கை நடுங்குகிறது.

அவர்தான் நேற்று தண்ணீரை முறையாகச் சோதித்தார். குளோரின் அறவே இல்லாமல் இல்லை, இருந்தும் வேலை செய்யவில்லை. காரணம் சயனூரிக் அமிலம். பெயரைக் கேட்டு சயனைடு என்று பயந்துபோனேன், அதுவல்ல. வெயிலில் குளோரின் வீணாகாமல் காப்பது இது, 30 முதல் 50 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு தண்ணீரில் இத்தனை பங்கு) வரை இருந்தால் நல்லது. அந்த மாத்திரைகளில் எடையில் பாதிக்கு மேல் இதுதான். குளோரின் செலவாகிவிடும், இது தண்ணீரிலேயே தங்கிவிடும். என் குளத்தின் அளவுக்கு 200 கிராம் மாத்திரை ஒன்று 3 பிபிஎம் ஏற்றும். வாரம் நான்கு, பன்னிரண்டு வாரம். கணக்கை நீங்களே போடுங்கள். 140ஐத் தாண்டி நிற்கிறது. அந்த அளவில் குளோரினின் கையைக் கட்டிப்போட்டது போலாகிவிடுமாம். மருந்து போட்டு இதைச் சுலபமாகக் குறைக்க முடியாது. தண்ணீரை வெளியேற்றிப் புதுத் தண்ணீர் விட வேண்டும். அதையும் மொத்தமாக இறைக்கக் கூடாதாம். மழையில் மண் நீர் குடித்து நிற்கும்போது குளத்தைக் காலியாக்கினால் அடிநீர் அழுத்தம் தொட்டியையே தூக்கிவிடும், விரிசல் விடவும் செய்யும். மூன்றில் ஒரு பங்காக, சில நாள் இடைவெளி விட்டு மாற்ற வேண்டும்.

பிறகு ஃபில்டரைத் திறந்தோம். அரை மில்லிமீட்டர் அளவில் சலித்த சிலிக்கா மணல் இருக்க வேண்டிய இடத்தில் வீடு கட்டும் மணல். சிப்பித் துண்டும் செம்மண் கட்டியுமாக. கொத்தனார்கூட ஒரு முறை சலித்துவிட்டுத்தான் பூசுவார். 14,500!

செயலிக்காரர்களிடம் இதற்கு முன்பே புகார் செய்திருந்தேன். முதலில் ஓர் இயந்திரம் பேசியது, பிறகு இயந்திரம் போலவே ஒரு பெண் பேசினார். "உங்கள் மன உளைச்சல் எங்களுக்குப் புரிகிறது. பணம் எங்கள் செயலி வழியாகச் செலுத்தப்படாததால் நாங்கள் பொறுப்பேற்க இயலாது." அப்படியானால் பச்சை முத்திரையை எதைச் சரிபார்த்துக் குத்தினீர்கள் என்று கேட்டேன். அடையாள அட்டையையாம். அவன் அவன்தான் என்பதில் எனக்கும் சந்தேகம் இல்லையே, அம்மா! 48 மணி நேரத்தில் மேலாளர் அழைப்பார் என்றார்கள். பதினொரு நாள் ஆகிறது. அவனுடைய ஐந்து நட்சத்திரம் இன்னும் அங்கேயே மின்னுகிறது. நான் எழுதிய விமர்சனம் மட்டும் 'பரிசீலனையில்' இருக்கிறது.

1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிந்திருக்கிறேன். சிவகங்கை நுகர்வோர் ஆணையத்துக்கு மனு தயாராகிறது. ஐந்து லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். கையில் இருப்பது பணம் அனுப்பிய பதிவும் வாட்ஸ்அப் உரையாடலும்தான். அவற்றை அழிக்காமல் வைத்திருந்தது ஒன்றுதான் நான் செய்த நல்ல காரியம்.

குளம் வைத்திருப்பவர்களுக்கு ஆண்டு முழுவதற்கும் விரிவாக எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். இப்போது பொறுமை இல்லை. மாதாமாதம் வேலை முடிந்த பிறகு பணம் கொடுங்கள். சோதனைப் பெட்டியை நீங்களே வாங்குங்கள். குளோரின் 1 முதல் 3 பிபிஎம், பிஎச் 7.2 முதல் 7.8, இதைப் பார்க்கப் பள்ளிக்கூடப் பிள்ளை போதும். சயனூரிக் அமிலத்தை மாதம் ஒரு முறையாவது பார்க்கச் சொல்லுங்கள். ஃபில்டர் சுத்தமாக இருக்கும்போது முள் எங்கே நிற்கிறது என்று சுவரில் எழுதிவையுங்கள், அதற்கு மேல் 8 முதல் 10 பிஎஸ்ஐ (மானியில் இருக்கும் அழுத்த அளவு) ஏறினால் பேக்வாஷ், அதாவது தண்ணீரை எதிர்த்திசையில் ஓட்டி மணலைக் கழுவுவது. மணல் மூட்டையைப் பிரிக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். இரண்டு மருந்தை ஒரு வாளியில் கலக்கச் சொல்பவனை வாசலோடு அனுப்பிவிடுங்கள், ஷூவைக் கழற்றினாலும் சரி.

இன்று காலையும் அழைத்தேன். எடுத்தான். "ஆச்சி, சாப்பிட்டீர்களா?" என்றான். 92,500 என்றேன். இணைப்பு துண்டிக்கப்பட்டது.

பின்வாசலில் 12,000 லிட்டர் தண்ணீர் லாரி வந்து நிற்கிறது. டிரைவர் பணத்தை முன்னாலேயே கேட்கிறார். முதலில் தண்ணீர் இறங்கட்டும் என்று சொல்லப் போகிறேன்.